பேசின் ராட்டினம்

வேகமாகச் சுற்றுவதில் ஒரு வித்தையும் இல்லை என்பது செபஸ்தியனின் கட்சி. வீட்டு மின்விசிறியும்தான் வேகமாகச் சுற்றுகிறது. அதற்கு யாராவது வரிசையில் நின்று டிக்கெட் எடுக்கிறார்களா? அடுத்த நொடி எந்தப் பக்கம் திரும்பும் என்று ஏறி இருப்பவனுக்கும் தெரியக்கூடாது, ஓட்டுகிறவனுக்கும் தெரியக்கூடாது. அப்படியொன்றைத் தன் கையால் செய்துவிட்டு மனுஷன் சும்மா இருப்பானா? கொட்டாஞ்சேனைத் தேத்தண்ணிக் கடையில் வருகிறவன் போகிறவனையெல்லாம் பிடித்து வைத்து விளக்கம் சொல்லுவான்.

ஆமர் வீதியில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவன் அவன். கார்னிவல் நடத்துகிற றவூப் நானா ஒருநாள் வந்து, தன்னிடம் பழைய குதிரை ராட்டினம் ஒன்றின் எலும்புக்கூடு மட்டும் மிஞ்சியிருக்கிறது, அதை வைத்து என்னவாவது செய்யலாமா என்று கேட்டார். செபஸ்தியன் பல நாள் மண்டையைப் போட்டு உடைத்தான். கடைசியில் புறக்கோட்டையிலிருந்து சாமான் ஏற்றி வந்த ஒரு லொறியின் பின்னால் சைக்கிளில் போனபோதுதான் வழி கிடைத்தது. லொறித் தட்டில் ஒரு அலுமினியப் பேசின் கிடந்தது. அதன் ஒரு பக்கத்தில் மாத்திரம் ஏதோ பாரம். வீதியின் மேடு பள்ளத்தில் லொறி ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தப் பேசின் ஒருக்கால் இடப்பக்கம் திரும்பியது, ஒருக்கால் வலப்பக்கம் திரும்பியது, ஒருக்கால் முழுசாகச் சுற்றிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல நின்றது. அதையே பார்த்துக்கொண்டு போய் அவன் ஒரு மீன்காரரின் பெட்டியில் மோதி, நன்றாக ஏச்சு வாங்கினான்.

அந்தப் பேசின்தான் ராட்டினம் ஆனது. வட்டமான தண்டவாளம், ஆனால் மட்டமாக இல்லை, மூன்று இடத்தில் மேடு, மூன்று இடத்தில் பள்ளம். அதன்மேல் சில்லு பூட்டிய தட்டுகள், ஒன்றோடொன்று பிணைச்சல் போட்டவை. பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்த லொறி அச்சு ஒன்று நடுவில் நின்று தட்டுகளை இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு தொட்டி, நடுவில் ஒரே ஒரு தண்டில் குத்தி நிறுத்தியது. தொட்டியைச் சுற்ற மோட்டாரும் கிடையாது, பல்சக்கரமும் கிடையாது. அதற்குள் ஆட்கள் ஒரு பக்கமாகத்தான் இருக்க முடியும். அந்தப் பாரம்தான் தொட்டியைச் சுற்றும். மேட்டில் ஏறும்போது பாரமான பக்கம் பின்னால் இழுக்கும், இறங்கும்போது முன்னால் பாயும். இருப்பவர் மெலிவா பருமனா, யாரோடு யார் ஏறியிருக்கிறார் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு தொட்டியும் ஒவ்வொரு விதமாகக் கூத்தாடும். முகப்புப் பலகையில் செபஸ்தியன் 'டோர்னாடோ' என்று பெரிய எழுத்தில் பெயின்ட் அடித்திருந்தான். ஒரு சனமும் அதைக் கணக்கெடுக்கவில்லை. எல்லாருக்கும் அது பேசின் ராட்டினம்தான்.

ஓட்டுவதில்தான் சங்கதி இருக்கிறது. மெல்ல ஓட்டினால் தொட்டி ஆடும், அவ்வளவுதான். வேகத்தைக் கூட்டினால் பாரம் வெளிப்பக்கம் ஒதுங்கி அப்படியே ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு சுற்றவே சுற்றாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் உண்டு. அதைக் காட்ட மீற்றர் கிடையாது. லீவரில் கை வைத்து, சில்லுகளின் உருளலையும் தொட்டிகளிலிருந்து வரும் கூச்சலையும் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். குதூகலமாகக் கத்துகிறவனின் சத்தம் ஒரு மாதிரி, குமட்டல் வந்தவனின் சத்தம் வேறு மாதிரி, உண்மையாகவே பயந்தவனின் சத்தம் இன்னொரு மாதிரி. ஓட்டுகிறவனுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம்.

அந்தக் காதில்தான் செபஸ்தியனுக்கு ஒரு குறை இருந்தது. பட்டறைச் சத்தமும் கார்னிவல் ஒலிபெருக்கியும் சேர்ந்து அவனுடைய வலது காதை அரைவாசிக்கு மேல் தின்றுவிட்டிருந்தன. இது உலகத்தில் ஒருத்திக்கு மாத்திரம் தெரியும். மனைவி கொன்ஸ்ரன்ஸுக்கு. கோயிலில், பஸ்ஸில், கலியாண வீட்டில், எங்கே போனாலும் அவள் அவனுக்கு இடப்பக்கமே நிற்பாள். றவூப் நானாவுக்குத் தெரிந்தால் லீவரைத் தொட விடமாட்டார் என்று இருவருமாகப் பேசி மறைத்து வைத்த விஷயம் அது. இடது காது நன்றாகக் கேட்டதால் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை.

கலியாணத்தில் செபஸ்தியனுக்குக் கிடைத்தது ஒரு தையல் மெஷினும் ஒரு மைத்துனனும் என்று, 'தோட்டம்' எனப்படும் அந்த நெருக்கமான குடியிருப்பின் அயலார் பகிடி பண்ணுவார்கள். கொன்ஸ்ரன்ஸின் தம்பி மெல்ரோய் அப்போது பள்ளிக்கூடப் பையன். தாய் செத்துவிட்டாள், தகப்பன் இருந்தும் இல்லை. தம்பியையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று அவள் கேட்டாள். வரட்டும் என்றான் செபஸ்தியன். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. மெல்ரோய்க்கு வெல்டிங் பழக்கியதும் அவன்தான், மீசை முளைத்தபோது சவரம் பண்ணப் பழக்கியதும் அவன்தான். இப்போது மெல்ரோய் தட்டில் நின்று ஆட்களை ஏற்றி, தொட்டிகளின் குறுக்குக் கம்பியைப் பூட்டுவான். கொன்ஸ்ரன்ஸ் டிக்கெட் கூட்டில் இருப்பாள். லீவரில் நிற்கும் செபஸ்தியனுக்கு நடுக் கம்பம் மறைப்பதால் அந்தப் பக்கத்துத் தொட்டிகள் தெரியாது. ஆகையால் மெல்ரோயின் சொல்லை நம்பித்தான் ராட்டினம் ஓடும். கம்பி எல்லாம் பூட்டியாயிற்று என்றால் அவன் "ஹரி!" என்று கத்துவான். ஏதாவது சரியில்லை என்றால் "ஹரி நே!" என்பான். மைதானத்தில் எல்லா இனத்துப் பொடியன்களும் வேலை செய்வதால் கட்டளைகள் எல்லாம் சிங்களத்தில்தான். பஸ் கொண்டக்டர் முதல் பாண் கடைக்காரர் வரை சொல்லுகிற சொல். அதில் ஒரு வில்லங்கம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அந்தச் சனிக்கிழமை பகல் முழுக்கத் தூறிக்கொண்டிருந்தது. பின்னேரம் வானம் வெளித்ததும், அடைபட்டுக் கிடந்த சனமெல்லாம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டது. காலடியெல்லாம் சேறு. வடைக்காரரின் எண்ணெய் மணமும் கடல் காற்றும் கலந்து வந்தன. ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. மெல்ரோய் காலையிலிருந்து கையில் போனோடுதான் திரிந்தான். ருமேனியாவில் வெல்டர் வேலைக்கு விசா வந்திருந்தது. டிக்கெட் திகதி சொல்ல ஏஜென்சிக்காரர் அழைப்பதாகச் சொல்லியிருந்தார். ஊரில் பாதிப்பேர் விசாவுக்கு அலைகிற காலத்தில் அது லேசான விஷயமா?

"ஹரி!"

செபஸ்தியனுக்குக் கேட்டது. லீவரைத் தள்ளினான். தட்டுகள் உருண்டன, தொட்டிகள் முதல் மேட்டில் ஏறிக் குலுங்கின, பிள்ளைகள் கூவினார்கள். இரண்டாவது சுற்றில் அந்தக் கூவலுக்குள் ஒரு வேறு சத்தம். யாரும் எதையும் காண முன்னம் அவன் பிரேக்கைப் போட்டுவிட்டான். தட்டுகள் கிறீச்சிட்டு நின்றபோது, கம்பத்துக்கு அந்தப் பக்கத்தில் ஒரு சிறுமி தட்டில் விழுந்து கிடந்தாள். அவள் இருந்த தொட்டியின் கம்பி திறந்திருந்தது. கை பக்கத்துத் தொட்டியின் விளிம்பில் அடிபட்டு முறிந்திருந்தது. வெள்ளவத்தையிலிருந்து தகப்பனோடு வந்த பிள்ளை, யதுஷா என்று பெயர். செபஸ்தியன்தான் தூக்கிக்கொண்டு ஓடி ஓட்டோவில் ஏற்றினான். அவனுடைய கால் செருப்பு சேற்றிலேயே கிடந்தது.

மறுநாள் காலை பொலிஸில் மூவரையும் வரிசையாக இருத்தி விசாரித்தார்கள். 'ஹரி' சொன்ன பிறகுதான் எடுத்தேன் என்றான் செபஸ்தியன். அது உண்மைதானே, வேறென்ன சொல்ல இருக்கிறது? பிறகு மெல்ரோயைக் கேட்டார்கள். அவன் தலையைக் குனிந்தபடி சொன்னான்.

"நான் 'ஹரி நே' எண்டுதான் கத்தினனான் சேர். அந்தத் தொட்டியில கம்பி இறுகேல்லை. அத்தானுக்கு 'ஹரி' மட்டும்தான் கேட்டிருக்கும் போல."

செபஸ்தியனுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. பொடியன் பயத்தில் உளறுகிறான் என்றுதான் நினைத்தான்.

"டேய் மெல்ரோய், என்னடா கதைக்கிற? வடிவா யோசிச்சுச் சொல்லு."

"ஓம் அத்தான். 'நே' எண்டும் சொன்னனான்."

பொலிஸ்காரர் கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தார். டிக்கெட் கூடு தட்டுக்குப் பக்கத்தில்தான். அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். செபஸ்தியன் நிம்மதியாக மூச்சு விட்டான். இவள் சொன்னால் முடிந்தது கதை.

"'ஹரி' எண்டு கேட்டது சேர்," என்றாள். புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். "பிறகும் ஏதோ கேட்ட மாதிரித்தான். பாட்டுச் சத்தத்தில விளங்கேல்லை."

வாக்குமூலம் எழுத மறுபடியும் வரச்சொல்லி அனுப்பினார்கள். மைதானத்தில் ராட்டினத்தைப் படங்குச் சீலையால் மூடிவிட்டு றவூப் நானா தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் செபஸ்தி, ஓமும் இல்லையும் ஒரே சொல்லுலயா தொடங்கோணும்? இவ்வளவு பெரிய ராட்டினத்தச் செஞ்ச ஒனக்கு ஒரு சொல்லச் செஞ்சிக்க ஏலாமப் பெய்த்தா?"

"அவன் 'ஹரி' எண்டுதான் சொன்னவன் நானா. எனக்குக் கேட்டது."

"அவன் வேற செல்றானே. ஒம்பொஞ்சாதியும் ஒண்டும் தெரியாண்டு செல்றா. நான் யார்ட பேச்ச எடுக்கிற? ஏன்ட பேர்லதான் பெர்மிட் ஈக்கி. கொஞ்ச நாளைக்கி நீ லீவர்ப் பக்கம் போகாத."

செபஸ்தியன் வீட்டுக்குப் போனான். மெல்ரோய் வீட்டில் இல்லை. சிநேகிதன் வீட்டில் தங்குவதாகச் சொல்லியிருந்தான். கொன்ஸ்ரன்ஸ் பாணும் சம்பலும் எடுத்து வைத்தாள். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தவன், அப்படியே எழுந்து கையைக் கழுவினான்.

அடுத்த நாள் ஒரு பால்மா டின்னும் கொஞ்சம் அப்பிளும் வாங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனான். கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒழுங்கையில், மாடி வீடு. தகப்பன் வரதராசா யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் மாதிரி அமைதியான முகம். ஏசுவார் என்று எதிர்பார்த்துப் போனவனை உள்ளே கூப்பிட்டு இருத்தினார்.

"இருங்கோ அண்ணை. உங்கட மிஸிஸும் அவவின்ர தம்பியும் நேற்றே வந்து பாத்திட்டுப் போட்டினம். எல்லாம் சொன்னவை. நான் கேஸ் கீஸ் எண்டு போகேல்லை. உங்களுக்கும் அந்தக் காதுப் பிரச்சினை இருக்கேக்க, வேணுமெண்டு செய்ததில்லைத்தானே."

"என்ன காது?"

"வலது காது சரியாக் கேக்காது எண்டு உங்கட மிஸிஸ்தான் சொன்னவ. கன வருஷமாமே."

செபஸ்தியன் இத்தனை வருஷம் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாத விஷயம். முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதிரையில் இருந்து அவள் அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். சேர்ட்டைக் கழற்றி வீதியில் நிறுத்தினதுபோல வெட்கமாக இருந்தது.

முறிந்த கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்த யதுஷா கதவுப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், நான் கத்தினது உங்களுக்குக் கேட்டதா?"

"கேட்டது மகள். அதுதான் உடனே நிப்பாட்டினனான்."

"அப்ப எப்பிடிக் காது கேக்காது?"

"பிள்ளை, உள்ளுக்குப் போங்கோ," என்றார் வரதராசா. செபஸ்தியன் அப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தான். பஸ்ஸில் கொட்டாஞ்சேனை வரும் வரைக்கும் அந்தப் பிள்ளையின் கேள்வி கூடவே வந்தது.

கொன்ஸ்ரன்ஸ் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளவத்தைக்குப் போனனியாம்," என்றான் செபஸ்தியன்.

துருவல் நின்றது. "ஓம். கேஸ் போடாம இருக்கத்தான் போனனான்."

"காதைப் பற்றி ஏன் சொன்னனி?"

"சொன்னாத்தானே அந்த மனுஷன் இரங்கும். இப்ப கேஸ் இல்லையெண்டு சொல்லிட்டார்தானே?"

"கொன்ஸி, அது நான் உன்னிட்ட மட்டும் சொன்னது."

"அதுக்கு? இல்லாததையா சொன்னனான்?" அவளுக்குக் குரல் உயர்ந்தது. "உங்களுக்குக் கேக்கிறதில்லைத்தானே. நான் ரெண்டு தரம் மூண்டு தரம் கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாக்கிறீங்க. எனக்குத்தானே தெரியும்."

"உனக்கு 'நே' எண்டு கேட்டதா? கர்த்தர் மேல ஆணையா?"

"ஆணையெல்லாம் கேக்காதீங்க. கேட்ட மாதிரித்தான் இருந்தது."

இதுதான் அவனைக் கவிழ்த்தது. மெல்ரோய் சொன்னபோது நம்பவில்லை. இவள் சொன்னபோது, ஒருவேளை அப்படித்தானோ என்று வந்துவிட்டது. ஒரு சொல்லின் வாலை அவனுடைய காது விழுங்கிவிட்டிருந்தால்? அந்தப் பிள்ளையின் கையை முறித்தது தானே என்றால்? இனி எந்தத் தைரியத்தில் லீவரைப் பிடிப்பது? அவனுக்கு அழுகை வந்தது. சட்டியை எடுக்கிற சாக்கில் கொன்ஸ்ரன்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சோதிச்சுப் பாப்பம்," என்றான் கடைசியில். "அதே இடம், அதே பாட்டு. மெல்ரோய் நிண்ட இடத்தில நிண்டு மாத்தி மாத்திக் கத்தட்டும். நான் அவன்ர வாயைப் பாக்க மாட்டன். நீ என்ர பக்கத்தில நில்லு. என்ன சொன்னவன் எண்டு நான் சொல்லுறன், சரியா பிழையா எண்டு நீ சொல்லு."

அவள் சட்டியை அடுப்பில் வைத்தாள். பிறகு, "சரி, நான் அவனுக்குக் கோல் பண்ணிச் சொல்லுறன்," என்றாள்.

மறுநாள் மத்தியானம், சனமில்லாத மைதானம். படங்கை விலக்கி, வெறும் தொட்டிகளோடு மோட்டாரை ஓட விட்டார்கள். அதே பாட்டு, அதே சத்தம். செபஸ்தியன் லீவரில் கை வைத்து, மெல்ரோய்க்கு முதுகு காட்டி நின்றான்.

"ஹரி!"

"'ஹரி'," என்றான். கொன்ஸ்ரன்ஸ் தலையாட்டினாள்.

"ஹரி!"

"'ஹரி'."

அவள் அவனைப் பார்த்தாள். "இல்லை. இது 'ஹரி நே'."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். கண்ணை இறுக மூடினான். திரும்பவும் குரல் வந்தது. எவ்வளவு கூர்ந்து கேட்டும் அதே ஒரு சொல்தான். நிச்சயமாக அந்த ஒரு சொல்தான்.

"'ஹரி'," என்றான், மெல்ல.

"'நே' எண்டான்," என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "எனக்கு இஞ்ச வடிவாக் கேக்குது."

இன்னொரு தரம் என்றான். அதுவும் பிழை என்றாள். அதற்குப் பிறகு செபஸ்தியன் மோட்டாரை நிறுத்திவிட்டான். மெல்ரோய் தட்டிலிருந்து இறங்கி வராமல் அந்தப் பக்கத்திலேயே நின்றான். செபஸ்தியன்தான் போய் அவன் தோளில் கை போட்டான்.

"உன்னில பிழையில்லையடா. எனக்குத்தான் கேக்கேல்லை."

மெல்ரோய் குனிந்து ஒரு தொட்டியின் கம்பியைத் திறந்து திறந்து பூட்டினான். பாவம், பொடியன் பயந்துபோய்விட்டான் என்று செபஸ்தியன் நினைத்தான். இப்படியும் ஒரு மனுஷன்.

அன்று பின்னேரமே பொலிஸுக்குப் போய், மெல்ரோய் சொன்னதே சரி, தன் காதுதான் பிசகு என்று சொல்லிக் கையெழுத்து வைத்தான். வரதராசா வழக்கு வேண்டாம் என்றுவிட்டதால் எச்சரிக்கையோடு முடிந்தது. இனி இந்த ஆள் எந்த ராட்டினத்தையும் ஓட்டக்கூடாது என்று றவூப் நானாவிடம் எழுதி வாங்கினார்கள். மெல்ரோயின் பெயரில் ஒரு கறையும் இல்லை. அவனுடைய பயணத்துக்குத் தடையும் இல்லை.

றவூப் நானா ஈரமான மனுஷர், அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. படங்கு கட்டுவது, ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஊற்றுவது, சேற்றுக்கு மரத்தூள் போடுவது என்று வேலை கொடுத்தார். லீவருக்குக் களனியிலிருந்து ஒரு பொடியனைக் கொண்டுவந்தார். அவன் நல்லவன்தான், ஆனால் வேகம்தான் பெரிது என்று நினைத்துக்கொண்டிருந்தான். லீவரை ஒரே தள்ளாகத் தள்ளுவான். தொட்டிகள் எல்லாம் வெளிப்பக்கம் பார்த்து ஒட்டிக்கொண்டு, ஒன்றும் சுற்றாமல், வட்டம் போட்டு வந்து நிற்கும். இறங்கிப் போகிற சனம் "இதென்ன, சும்மா பஸ்ல போற மாதிரி," என்று சொல்லிக்கொண்டு போகும். மரத்தூள் சாக்கோடு நிற்கிற செபஸ்தியனுக்கு, கொஞ்சம் விடடா, கொஞ்சம் விடு, கேளடா அந்தச் சில்லை, என்று வாய் வரைக்கும் வரும். செவிடன் சொல்லி யார் கேட்பது என்று விழுங்கிக்கொள்வான்.

மெல்ரோய் போகிற நாள் வந்தது. காலையிலேயே தோட்டத்துச் சனம் வாசலில் கூடிவிட்டது. கொன்ஸ்ரன்ஸ் விடியற்காலையிலிருந்து சமைத்து, மாசிச் சம்பலையும் பொரித்த கருவாட்டையும் போத்தல்களில் அடைத்து, சூட்கேஸில் உடுப்புக்கு நடுவில் செருகினாள். அவள் கை ஓயவேயில்லை. வான் வந்து ஒழுங்கை முனையில் ஹோர்ன் அடித்தது.

பயணம் போகிறவர் முழங்காலில் நின்று, பெரியவர்கள் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டபின்தான் படியிறங்குவது. தாய் தகப்பன் இடத்தில் இருந்தவன் செபஸ்தியன். மெல்ரோய் அவன் முன்னால் முழங்காலில் விழுந்தான். செபஸ்தியன் பெருவிரலால் அவன் நெற்றியில் சிலுவை போட்டான்.

"பொலிஸ் வரைக்கும் உன்னை இழுத்திட்டன். மனசில வைச்சிருக்காத மகன். போற இடத்தில கண்ணாடி போடாம வெல்டிங் பிடிக்காத. காதுக்கும் ஏதாவது வைச்சுக்கொள். என்னை மாதிரி ஆகாத."

மெல்ரோய் அவன் இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டு விம்மினான். எழுப்ப எழுப்ப எழும்பவில்லை. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வளர்த்த பாசம் என்றார்கள். "வான்காரன் கத்துறான், எழும்பு," என்று கொன்ஸ்ரன்ஸ் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து அழைப்பு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அடுப்பில் சோறு இருந்தது. செபஸ்தியன் வாசற்படியில் இருந்தான். "ஏறிட்டியா? கதவு மூடியாச்சா? மாதா துணை," என்று சொல்லி அவள் போனை வைத்தாள். பிறகு வந்து அவனுடைய இடப்பக்கத்தில், நிலத்தில் உட்கார்ந்தாள்.

"நான் ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லு."

"அவன் 'ஹரி' எண்டுதான் சொன்னவன்."

செபஸ்தியன் திரும்பினான்.

"ஏஜென்சிக்காரர் கோல் எடுத்திருந்தவை. கதைச்சுக்கொண்டே கத்திப்போட்டான். அந்தக் கம்பியை அவன் பாக்கேல்லை. எனக்கு வடிவாக் கேட்டது. 'நே' எண்டு ஒண்டும் இல்லை."

"அப்ப சோதிச்ச அண்டைக்கு?"

"அண்டைக்கும் இல்லை. எல்லாத்துக்கும் 'ஹரி' எண்டு மட்டும் சொல்லு எண்டு நான்தான் அவனுக்குச் சொன்னனான்."

முதலில் அவனுக்கு வந்தது சந்தோஷம். அதுதான் வெட்கக்கேடு. காது பிழை விடவில்லை, பிள்ளையின் கையைத் தான் முறிக்கவில்லை என்று ஒரு கணம் உடம்பெல்லாம் லேசானது. பிறகுதான் மற்றது வந்தது. பக்கத்தில் நின்று, தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, 'இது பிழை, இதுவும் பிழை' என்று சொன்ன முகம் இதுதானே என்று அவளைப் பார்த்தான்.

"இப்ப ஏன் சொல்லுற?"

"காது போயிட்டுதெண்டு நீங்க மனசுக்குள்ள அழுதுகொண்டு திரியிறது எனக்குத் தாங்கேல்லை."

"பிளேன் ஏறும் மட்டும் தாங்கிச்சுது?"

அவள் தலையைக் குனிந்தாள். "கேஸில அவன்ர பேர் வந்தா விசா போயிடும். அவனுக்கு வேற என்ன இருக்கு? நான் தூக்கி வளத்த பிள்ளை. நீங்க எண்டா இஞ்ச எப்பிடியும் சமாளிப்பீங்க எண்டு நினைச்சன்."

"கேட்டிருக்கலாமே கொன்ஸி." அவனுக்குக் குரல் உடைந்தது. "ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நானே போய், எனக்குக் கேக்கேல்லை, பிழை என்னில எண்டு எழுதிக் குடுத்திருப்பன். அவன் எனக்கும் பிள்ளைதான். என்னைப் பைத்தியக்காரன் ஆக்கித்தானா அதை எடுக்கவேணும்?"

"நீங்க மாட்டன் எண்டு சொல்லியிருந்தா? பிறகு நான் என்ன செய்யிற?"

"நான் உனக்கு எப்ப மாட்டன் எண்டு சொன்னனான்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் ஒவ்வொன்றாகத் தேடுவது அவனுக்குத் தெரிந்தது. அவன் அவசரப்படுத்தவில்லை. எங்கேயாவது ஒன்று, ஒரே ஒன்று அகப்பட்டால் அவனுக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். அவள் தேடிக்கொண்டேயிருந்தாள், ஒன்றும் அகப்படவில்லை.